வளையம் எதை அளக்கிறது? படவேட்டுக் கடுக்காயை முன்வைத்து

கமண்டல நாகநதியும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த படவேட்டைச் சம்புவராயர் தலைநகர் என்றோ ரேணுகாம்பாள் தலம் என்றோதான் பலரும் அறிவர். அங்கிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறினால் மலையாளிப் பழங்குடியினர் பொறுக்கிச் சேர்க்கும் கடுக்காய் உண்டு. அந்தக் காயின் சாறு அகர் தட்டில் உண்டாக்கும் வளையத்தை நாம் தவறாகப் படிக்கிறோம் என்பதே என் வாதம்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைப் பூசிய தட்டில் 6 மி.மீ. குழி வெட்டிச் சாற்றை விடுகிறோம். மறுநாள் காலை, மங்கலான கிருமிப் படலத்தின் நடுவே தெளிந்த வட்டம் ஒன்று தெரியும். 12 மி.மீ. என்று பதிவாகும். அதில் பாதி நாமே வெட்டிய குழி!

மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவுள்ள சாற்றில் 50 மைக்ரோலிட்டர் விட்டால், குழிக்குள் போவது 5000 மைக்ரோகிராம். பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வைக்கும் ஜெண்டாமைசின் ஆன்டிபயாடிக் வில்லையில் இருப்பதோ 10. ஐந்நூறு மடங்கு வேறுபாடு. சாறு ஒரு கலவை, வினைபுரியும் பொருள் அதில் நூற்றிலொரு பங்காக இருக்கலாம் என்பார்கள், நியாயமான மறுப்புதான். ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்பதை வளையம் சொல்லாது. பெரிய மூலக்கூறுகள் அகரில் மெல்ல ஊர்வதால், வலிய சாறும் சிறு வட்டத்தோடு நின்றுவிடக்கூடும். ஆகவே இரு மூலிகைகளை மில்லிமீட்டரால் தரவரிசைப்படுத்துவது பொருந்தாது. சாற்றைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைக் காண வேண்டும்.

கடுக்காயில் இன்னொரு சிக்கல், துவர்ப்பு. ஆவாரம்பட்டையோடு கடுக்காயையும் சேர்த்துத் தோல் பதனிட்ட மரபு நமக்கு உண்டு. அதன் டானின் தோலின் புரதத்தை இறுகப் பற்றுவதால் தோல் அழுகாது. கிருமியின் புரதத்தையும் அது அவ்வாறே பற்றும். புண் கழுவும் கஷாயத்துக்கு இது குறையன்று. அந்தத் துவர்ப்பே மருந்தாக இருக்கலாம். ‘புதிய ஆன்டிபயாடிக்’ என்று முழங்கும்போதுதான் இடறுகிறது. டானினை நீக்கிய சாற்றையும் சோதிக்க வேண்டும். புண்ணில் கசியும் நீரிலும் புரதம் உண்டு. அது டானினை முதலில் விழுங்கிவிடாதா என்று அல்புமின் சேர்த்தும் பார்க்க வேண்டும்.

சாறெடுக்கக் காயை மெத்தனாலில்தான் ஊறப்போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2015இல் நோபல் பரிசு பெற்ற தூ யூயூ, சூடாக்கிப் பிரித்தபோது குன்றிய மலேரியா மருந்தைத் தாழ்ந்த வெப்பத்தில் ஈதரால் மீட்டார். அதற்கான குறிப்பு, மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன பழஞ்சுவடியில் இருந்தது.

நம் மரபிலும் அப்படிக் குறிப்புகள் உண்டு. கடுக்காயின் கொட்டையை நீக்கிவிட்டுத்தான் இடிக்க வேண்டும் என்பது எந்த வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். நான் படித்த ஆய்வுகள் பலவற்றில் ‘உலர்ந்த காய்த்தூள்’ என்று மட்டும் இருக்கிறது. கொட்டை எடுத்ததா, எடுக்காததா?