ஸ்டாண்டர்டு கார்: பிறந்தது கவன்ட்ரி, கடைசி மூச்சு வண்டலூர்



ஓரகடத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் பேசும்போது, "நம்ம பக்கம் கார் கம்பெனின்னு முதல்ல வந்தது ஃபோர்டுதானே சார்?" என்று கேட்டான். இல்லையப்பா. மறைமலைநகருக்கு ஃபோர்டு வருவதற்கு நாற்பது வருஷத்துக்கும் மேலே முன்பே வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி கார் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். போனில் சொல்லி முடிகிற கதையில்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

இங்கிலாந்தில் கவன்ட்ரி என்றொரு ஊர். அங்கே 1903-ல் ரெஜினால்ட் மாட்ஸ்லே என்பவர் தொடங்கியதுதான் ஸ்டாண்டர்டு கம்பெனி. அந்தக் காலத்தில் ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்குச் சேராது, அராவி அராவித்தான் பொருத்த வேண்டும். மாட்ஸ்லே எல்லாக் காருக்கும் ஒரே அளவில் பாகங்கள் வேண்டும் என்றார். பேரும் அதையே வைத்தார். அப்போது அது தரத்தைக் குறித்த பேர். ஐம்பது வருஷம் போனதும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் மதிப்பே மாறிவிட்டது. 'டீலக்ஸ்' என்றால் உசத்தி, 'ஸ்டாண்டர்டு' என்றால் சாதா என்றாயிற்று. காசு கொடுத்து யார் 'சாதா கார்' வாங்குவார்கள்? அந்தக் கம்பெனியே முன்னர் வாங்கியிருந்த ட்ரையம்ஃப் என்ற பேரை முன்னால் தள்ளி, 1963-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு பேரைக் கைவிட்டார்கள்.

பிறந்த ஊரில் செத்த அந்தப் பேர் நம்ம ஊரில் இன்னும் 25 வருஷம் உயிரோடு இருந்தது. அதுதான் விசேஷம்.

இங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1948-ல், சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், சென்னையில் அமைந்தது. முதலில் வந்தது வான்கார்டு. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பேர் அது. முதுகு வளைந்து, ஆமை மாதிரி உருண்டையான கார். அதன் என்ஜினைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வரும். ஃபெர்குசன் டிராக்டரில் இருந்ததும் இதே குடும்பத்து என்ஜின்தான். ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதைத்தான் மாற்றி வைத்தார்கள். ஏர் உழவும் பந்தயம் ஓடவும் ஒரே என்ஜின்! கெட்டியான என்ஜின் என்பதில் சந்தேகமே இல்லை.

அதே காலத்தில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர்கள் லாரி, பஸ் என்று திரும்பி 1955-ல் அசோக் லேலண்ட் ஆனார்கள். அது பிழைத்தது. வெறுமனே பாகங்களை இறக்கிப் பூட்டுகிறவர்கள் வேண்டாம், இங்கேயே செய்கிறவர்கள் மட்டும் இருக்கலாம் என்று மத்திய அரசு சொன்னதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஐம்பதுகளில் மூட்டை கட்டின. ஸ்டாண்டர்டு தங்கியது. ஸ்டாண்டர்டு 10, பென்னன்ட் என்று சின்னக் கார்கள் வந்தன. அவற்றைத் தாண்டி ஹெரால்டுக்கு வருகிறேன், எனக்குப் பிடித்தது அதுதான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது திருக்கழுக்குன்றத்தில் கார் பார்க்க வேண்டுமென்றால் மலையடிவாரத்துக்குத்தான் போக வேண்டும். உச்சிப்பொழுதில் மலைமேல் கழுகுக்கு அமுது வைப்பதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள், பார்த்துவிட்டு அப்படியே மகாபலிபுரம் போவார்கள். அம்பாசடர் நிற்கும், ஃபியட் நிற்கும், நடுவில் ஒரு ஹெரால்டு நிற்கும். மற்ற கார்களுக்கு மேல்மூடி மட்டும்தான் திறக்கும். ஹெரால்டுக்கோ மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பாதி மொத்தமும் முதலை வாய் மாதிரி முன்பக்கம் கவிழும். டிரைவர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து என்ஜினைப் பார்ப்பார். நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மாட வீதி முனையில் இதற்கு ரிவர்ஸே வேண்டாம்.

உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இங்கிலாந்தில் 1959-ல் வந்தது, இங்கே 1961-ல். அந்தக் காலத்தில் மற்ற கார்களெல்லாம் பாடியும் சேசிஸும் ஒன்றாக வார்த்தது போல வரத் தொடங்கிவிட்டன. ஹெரால்டு மட்டும் பழைய முறைப்படி தனிச் சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய பாடி. காரணம் வேடிக்கையானது. அவர்களுக்குப் பாடி செய்து கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழுப் பாடி செய்து தர ஆளில்லை, எனவே பல இடங்களில் துண்டுகளாகச் செய்து சேர்த்தார்கள். அங்கே கஷ்டத்துக்காகச் செய்தது இங்கே சௌகரியமாகப் போயிற்று. பெரிய அச்சு இயந்திரம் இல்லாத நாட்டில் துண்டுகளைச் செய்து பூட்டுவது எளிது. விபத்தில் ஒரு துண்டு நசுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

நம்மவர்கள் அதைச் சும்மா பார்த்து எழுதவும் இல்லை. ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டு கதவுதான். வீட்டுக்கு ஆறேழு பேர் ஏறுகிற நம் குடும்பத்துக்கு அது ஆகுமா? 1968 வாக்கில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத, வண்டலூருக்கே உரிய மாடல். பின்சீட்டில் பாரம் ஏறினால் பின்சக்கரங்கள் கால் அகட்டி நின்றுவிடும். அது ஹெரால்டின் பெரிய குறை. எழுபதுகளின் தொடக்கத்தில் கெசல் என்று பேர் மாற்றி வந்த காரில் அதையும் நேர் ஆக்ஸில் போட்டுச் சரிசெய்தார்கள். இந்த இரண்டு திருத்தமும் கவன்ட்ரியில் நடக்கவில்லை, இங்கே நடந்தது.

ஆனால் என்ஜின்? ஆரம்பம் முதல் அதே 948 சி.சி.தான். இங்கிலாந்தில் 1961-லேயே பெரிதாக்கிவிட்டார்கள். இங்கே போட்டியே கிடையாது. லைசென்ஸ் வைத்திருந்த கார் கம்பெனிகள் மூன்று, வாங்குகிறவர்கள் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வரிசை நிற்கும்போது சமையலை யார் மாற்றுவார்கள்? எழுபதுகளின் கடைசியில் கார் செய்வது நின்று, ஸ்டாண்டர்டு 20 என்ற வேன் மட்டும் ஓடியது.

1985-ல் ஒரு கடைசி முயற்சி, ஸ்டாண்டர்டு 2000. பாடி இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய அழகி. அங்கே அதற்கு 3.5 லிட்டர், 8 சிலிண்டர் என்ஜின். இங்கே உள்ளே வைத்தது எது தெரியுமா? நான் கவனத்தில் வைக்கச் சொன்ன அந்த வான்கார்டு வம்சத்து என்ஜின், 1991 சி.சி. நாற்பதுகளின் இதயத்தை எண்பதுகளின் உடம்பில் வைத்தார்கள். விலையோ அதிகம், பெட்ரோலும் குடித்தது, வேகமும் இல்லை. போதாததற்கு 1983 டிசம்பரிலேயே மாருதி 800 வந்துவிட்டது. 1988-ல் உற்பத்தி நின்றது, ஆலையும் அதோடு முடிந்தது.

இங்கே ஆலை மூடினால் உடனே 'தொழிலாளிதான் காரணம்' என்று பேசுவது ஒரு வழக்கம். நான்கு கதவு வைத்ததும் ஆக்ஸிலை மாற்றியதும் எந்தக் கைகள் என்று யோசித்துவிட்டுப் பேச வேண்டும். புது என்ஜினுக்குப் பணம் போடுவதா வேண்டாமா என்பதை ஸ்பேனர் பிடித்தவர் முடிவு செய்யவில்லை. ஆனால் வேலை போனது அவருக்குத்தான்.

ஆலை மூடிப் பல வருஷம் கழித்து ஒரு வேடிக்கை நடந்தது. கிடங்கில் பயன்படாமல் கிடந்த எஸ்.டி.1 பாகங்களை ஒரு பிரிட்டிஷ் பழைய கார் பாகக் கம்பெனி மொத்தமாக வாங்கிக்கொண்டு போயிற்று. அங்கே கிடைக்காத பாகம் வண்டலூரில் கிடைத்தது! ஆலை இருந்த இடத்தில் இன்று ஐ.டி. கட்டடங்கள், அடுக்குமாடிகள். ட்ரையம்ஃப் கார் பேர் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கையில் இருக்கிறது. ரோவர் என்ற பேர் 2008 முதல், ஜாகுவார் லேண்ட் ரோவரோடு சேர்த்து, நம் டாட்டாவிடம் இருக்கிறது. அவர்களுடைய புதுத் தொழிற்சாலைக்கு ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் நிறுத்தியபோது உங்களில் சிலர் வீட்டில் என்ன பாடுபட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ பெரியப்பாவோ ஸ்டாண்டர்டில் வேலை பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், மூடியபிறகு என்ன செய்தார் என்று கேட்டு எழுதுங்கள். அடையாள அட்டை, ஆயுதபூஜைக்கு எடுத்த குரூப் போட்டோ ஏதாவது பீரோவில் இருந்தால் படம் பிடித்துப் போடுங்கள். கார்களின் படம் இணையத்தில் நிறைய இருக்கிறது, எனக்கு ஆட்களின் படம்தான் வேண்டும்.