தட்டும் சிலேட்டும்

பள்ளிக்கால நினைவு என்றால் பலருக்கும் மரத்தடியும் மணியோசையும் இனிக்கும். நமக்கு அலுமினியத் தட்டுதான் முன்னால் வந்து நிற்கிறது.

தஞ்சைப் பண்ணைகளில் நம் தாத்தாக்கள் சிலேட்டு பிடிக்கும் வயதில் மாடு ஓட்டினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டே ராஜாஜி, கிராமப் பள்ளியில் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். பண்ணையாள் மகனுக்கு எந்தத் தொழில்? சாணி அள்ளுவதா? எதிர்ப்பு மூண்டது, 1954இல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் போனது.

நாங்கள் 1982க்குப் பிந்தைய சத்துணவுப் பிள்ளைகள். எங்கள் பள்ளியில் சேரித் தட்டுகளுக்குத் தனி வரிசை, அதை மறக்கவில்லை. ஆனாலும் அந்தச் சோறுதான் அறுவடை நாளிலும் எங்களை வகுப்பில் உட்கார வைத்தது. பொழுது சாய வயலிலிருந்து வரும் அம்மா முதலில் கேட்பது, "இன்னிக்குச் சோறு போட்டாங்களா?" அப்புறந்தான், "என்ன படிச்ச?"