இசைத்தட்டு நிலையமும் பாட்டுடைமையும்

தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் ஏட்டுச் சுவடியையும் அச்சு நூலையும் சான்றாகக் கொள்வது வழக்கம். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்ப் பாட்டு மக்களிடையே பரவுதற்கு மூன்றாவதாக ஒரு கருவியும் துணைநின்றது. அதுவே இசைத்தட்டு. எழுத்தறியாதாரும் பாட்டைக் கேட்டு மனங்கொள்ள அது வழிசெய்தது. எனினும், இசைத்தட்டை வெளியிட்ட நிலையங்கள் யாவை, அவை எவ்வாறு நடைபெற்றன, புலவனது பாட்டு அவற்றின் கையில் என்ன ஆயிற்று என்னும் வினாக்கள் இலக்கிய ஆராய்ச்சியில் போதிய இடம் பெறவில்லை. சென்னையில் 1932இல் தோன்றிய சரசுவதி ஸ்டோர்ஸ் என்னும் சிறு நிலையத்தை நடுவாக வைத்து இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வாம்.

இசைத்தட்டின் வருகை

எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார். பத்தாண்டுகள் கழிந்தபின் பெர்லினர் உருளைக்கு மாற்றாக வட்டத் தட்டினை அமைத்தார். அவர்தம் முறையைப் பின்பற்றிய இலண்டன் கிராமபோன் கம்பெனியார் 1902இல் கெய்ஸ்பர்க் என்னும் பதிவாளரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். அவ்வாண்டு நவம்பரில் கௌஹர் ஜான் பாடிய பாடல்கள் பதிவு செய்யப்பெற்றன. 1908இல் அக்கம்பெனியார் கல்கத்தாவிலுள்ள சியால்டாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை ஒன்றை நிறுவினர். பின்னர் அத்தொழில் டம்டம்முக்கு மாறியது. 1926இல், தம் பத்தாம் வயதில், எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாக இசைத்தட்டிற்குப் பாடினார் என்பது பலரும் அறிந்ததே.

பதிவுக் கருவியும் அச்சுத் தொழிற்சாலையும் பெருமுதல் வேண்டுவன. ஆதலின் இத்தொழில் சில பெருங்கம்பெனிகளின் கையிலேயே தங்கியது. 1931இல் இலண்டனில் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியா கம்பெனியும் ஒன்றாயின. இ. எம். ஐ. என்னும் பெயருடைய அவ்வொன்றிய நிறுவனத்தின் நிழல் இந்திய இசைத்தட்டு வணிகம் முழுவதன்மீதும் படிந்தது. அடுத்த ஆண்டிலேயே சென்னையில் ஒரு சிறு நிலையம் எழுந்தது என்பதை நோக்க, அதனைத் தொடங்கியோரின் துணிவு புலனாகும்.

சிறு நிலையத்தின் தோற்றம்

ஏ. வி. மெய்யப்பன் 1907இல் காரைக்குடியில் பிறந்தவர். அவர் தந்தையார் ஆவிச்சி செட்டியாரின் கடையில் ஏனைய பொருள்களுடன் இசைத்தட்டுகளும் விற்கப்பெற்றன. பிறர் வெளியிட்ட தட்டை வாங்கி விற்பதினும் தாமே தட்டு வெளியிடுதல் நன்றென அவர் கருதினார். சென்னைக்கு வந்து நண்பர் சிலரைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு சரசுவதி ஸ்டோர்ஸ் என்னும் நிலையத்தை நிறுவினார். செருமனி நாட்டு ஓடியன் என்னும் வணிகப் பெயரில் அதன் தட்டுகள் வெளிவந்தன.

இவ்விடத்து ஒன்று கருதத்தக்கது. ஓடியன் என்பது பெர்லினிலிருந்த லிண்ட்ஸ்ட்ரோம் கம்பெனியின் பெயர்களுள் ஒன்று. அக்கம்பெனி முன்னரே இலண்டன் கொலம்பியாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கொலம்பியா 1931இல் இ. எம். ஐ.யில் அடங்கவே ஓடியனும் அதனுள் அடங்கிற்று. எனவே, சென்னை நிலையம் பெருங்கம்பெனிக்குப் போட்டியாகத் தோன்றினும், அச்சுக்கும் பெயருக்கும் அப்பெருங்கம்பெனியின் கிளையையே சார்ந்திருந்தது. சிறு நிலையத்தின் தன்னுரிமை எதில் நின்றது எனின், எப்பாட்டை எவர் பாடுவது என்று தெரிந்தெடுக்கும் அறிவில் நின்றது. கருவி பிறருடையது, தேர்வு மட்டுமே தன்னுடையது.

நிலையத்தார் செய்த பணிகள்

அத்தேர்வு எளிதன்று. மதுரையிலும் தஞ்சையிலும் எவர் பாட்டுக்குக் கூட்டம் சேர்கின்றது என்பதை நிலையத்தார் அறிந்திருத்தல் வேண்டும். பாடுவோரைச் சென்னைக்கு வருவித்து, பக்க இசையாளரைச் சேர்த்து, ஒத்திகை நடத்தி, பதிவாளர் முன் நிறுத்துதல் வேண்டும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகவே ஓடும். மணிக்கணக்கில் பாடிப் பழகியோர்க்கு இவ்வெல்லை பெருந்தடை. நிரவலும் சுரமும் குறைந்தன. பல்லவியும் ஒன்றிரண்டு சரணங்களுமே எஞ்சின. மெழுகில் பதிந்தபின் திருத்தம் செய்ய இயலாது. பிழை நேரின் புதிய மெழுகில் மீண்டும் முதலிலிருந்து பாடவேண்டியதே.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்போரின் இலக்கணம் முறையே கூறப்பெறுகின்றது. அவர் அனைவரும் ஒருங்கியைந்தபோதே அரங்கேற்றம் சிறந்தது. இசைத்தட்டு நிலையத்தாரும் இத்தகைய ஒரு கூட்டத்தைத் திரட்டியவரே. வேறுபாடு யாதெனின், பண்டை அரங்கில் பரிசளித்தவன் வேந்தன். இங்கே பரிசளிக்க வேண்டியவன் கடையில் தட்டு வாங்கும் முகமறியா ஒருவன். அவன் வாங்காவிடின், போட்ட முதல் முழுதும் விற்காத தட்டாய்ப் பரணில் கிடக்கும்.

நாடகத் தட்டுகளில் இப்பொறுப்பு இன்னும் மிகுந்தது. இரவு முழுதும் நிகழும் நாடகத்தைச் சில தட்டுகளில் அடக்கி, அத்தட்டுகளை ஒரு தொகுதியாக விற்றனர். மக்கள் அதனை நாடகச் செட்டு என வழங்கினர். அதற்கு ஒரு குழுவே வேண்டும். எவ்வுரையாடலைக் கொள்வது, எப்பாட்டை விடுப்பது, எந்நடிகர்க்கு எத்துணைப் பங்கு என்பனவற்றை நிலையத்தார் முடிவு செய்தனர். அவர்தம் கத்தரியே நாடக நூலின் பதிப்பாசிரியனாயிற்று எனலாம். நாடகச் செட்டு விற்பனையில் பெற்ற பழக்கமே அவர்களைப் பேசும் படத்துறைக்கும் இட்டுச் சென்றது. 1935இல் வெளிவந்த ‘அல்லி அர்ஜுனா’ என்னும் முதற் படம் வெற்றி தரவில்லை. 1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில், நடித்தவர்க்காக வேறொருவர் குரல் கொடுக்கும் முறையை மெய்யப்பன் கையாண்டார். குரலை உடலினின்று பிரித்து விற்கும் இசைத்தட்டுத் தொழிலைக் கற்றவர்க்கு இவ்வெண்ணம் தோன்றியது வியப்பன்று.

பாட்டு எவருடையது?

இனி, உரிமை பற்றி நோக்குவாம். ஒரு தட்டில் புலவன், பண்ணமைத்தோன், பாடியோன், வெளியிட்டோன் என நால்வர் பங்கு உளது. சட்டம் அவரை ஒரு நிகராகக் கொள்ளவில்லை. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பதிப்புரிமைச் சட்டம் 1914இல் சில மாற்றங்களுடன் இந்தியாவுக்கு உரியதாக்கப்பெற்றது. அதன்படி, மூலத்தட்டு உருவானபோது அதற்கு உடைமையாளராய் இருந்தவரே அவ்வொலிப்பதிவின் ஆசிரியராகக் கருதப்பெறுவர். அவ்வுரிமை ஐம்பதாண்டு நிற்கும். பாடியவர்க்குச் சட்டம் தந்த உரிமை ஏதுமில்லை. ஒப்பந்தத்தால் அவர் பெற்றதே அவர்க்குரியது. ‘ஆசிரியர்’ என்னும் சொல் பாடாதவனையும் எழுதாதவனையும் குறிக்கத் தொடங்கிய இடம் இதுவே. இந்தியாவில் பாடுவோர், நடிப்போர் ஆகியோரின் உரிமை 1994இல் செய்த திருத்தத்தால்தான் சட்டத்தில் இடம்பெற்றது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைப் பங்கை விட்டுக்கொடுக்க இயலாதவாறு காக்கும் விதி 2012இல் வந்தது.

புலவனுக்கோ அச்சு உரிமை, இசைத்தட்டு உரிமை, ஒலிபரப்பு உரிமை எனத் தனித்தனியே விற்கத்தக்க உரிமைகள் இருந்தன. இறந்தபின் ஐம்பதாண்டு வரை அவை அவன் வழியினர்க்கோ அவரிடம் வாங்கியவர்க்கோ உரியன. ஒரே பாட்டு ஒருவர் கையில் நூலாகவும் வேறொருவர் கையில் ஒலியாகவும் இருத்தல் கூடும். இந்நிலை தமிழகத்தில் எத்தகைய பூசலை விளைத்தது என்பதற்குப் பாரதியார் பாடல்களே தலையாய சான்று.

பாரதியார் பாடல்கள்

பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் நூல்களின் உரிமை பின்னர்க் குடும்பத்தாரிடமிருந்து பாரதி பிரசுராலயத்தாரிடம் சென்றது. இசைத்தட்டு உரிமையைச் சென்னை வணிகர் ஜேசிங்லால் மேத்தா தனியே வாங்கினார். அவரிடமிருந்து அதனை ஏ. வி. மெய்யப்பன் பெற்றார். 1947 சனவரியில் வெளியான ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாள் பாரதியார் பாடல்களைப் பாடினார். விடுதலை நெருங்கிய அந்நாளில் அப்பாடல்கள் படத்தாலும் தட்டாலும் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. உரிமைக்குக் கொடுத்த விலை வீண்போகவில்லை.

ஆயின், தனியுரிமை என்பது பிறரைத் தடுக்கும் உரிமையும் ஆகும். 1948இல் வெளிவந்த ‘பில்ஹணன்’ படத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் பாரதியார் பாடலொன்றைக் கையாண்டனர். அதனை ஏ. வி. எம். தரப்பினர் சட்டவழியில் எதிர்த்தனர். நாட்டு விடுதலையைப் பாடிய புலவனின் பாட்டைப் பாடுதற்கு ஒரு வணிகரின் இசைவு வேண்டுமோ என்னும் வினா எழுத்தாளரிடையே கிளர்ந்தது. பாரதியார் படைப்புகளைப் பொதுவுடைமையாக்க வேண்டுமென இயக்கம் எழுந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலமைந்த சென்னை மாகாண அரசு 1949இல் அவ்வுரிமைகளை ஏற்றது. மெய்யப்பன் தம்மிடமிருந்த இசைத்தட்டு உரிமையை விலை பெறாமலேயே அளித்தார். பாரதியாரின் துணைவியார்க்கும் மகளிர்க்கும் அரசு பொருளுதவி செய்தது.

முடிவுரை

இந்நிகழ்ச்சியைக் கொண்டு சிறு நிலையத்தாரைப் பழித்தலும் முறையன்று. முழுதும் புகழ்தலும் முறையன்று. தனியுரிமை இல்லையெனின், பாடுவோர்க்கும் பதிவுக்கும் அச்சுக்கும் முதலிட அவர் துணிந்திருப்பரோ என்பது ஐயம். அவர் துணிந்தமையால் எழுதப் படிக்கத் தெரியாதாரும் பாரதியைக் கேட்டனர். மற்றொருபுறம், பாட்டின் மதிப்பு உயர உயர, அவ்வுயர்வின் பயன் உரிமையை வாங்கியவர்க்கே சேர்ந்தது. முதலில் விற்றவர்க்கு அதில் பங்கில்லை. ஒருமுறை விலைபேசி முடிக்கும் விற்பனையில் உள்ள குறை இதுவே. விற்பனைதோறும் பங்கு என்னும் முறை புலவனுக்கும் பாடுவோனுக்கும் ஏன் வேண்டும் என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகின்றது. அரசு தலையிட்டுத் தீர்த்தது ஒரு பெரும் புலவனின் வழக்கை மட்டுமே. நாடகச் செட்டுகளுக்குப் பாட்டெழுதிக் கொடுத்த எத்தனையோ ஆசிரியர்க்கு அத்தகைய தீர்ப்பு வாய்க்கவில்லை. பல தட்டுகளின் நடுச்சீட்டில் பாடியவர் பெயரும் இராகமும் தாளமும் உள. பாட்டெழுதியவர் பெயர் இல்லை.

ஆராய்ச்சி மாணவர்க்குரிய பணி இங்கே தொடங்குகின்றது. அரக்குத் தட்டு கைதவறி விழின் உடையும். உடைந்தபின் அதற்குப் படியெடுக்கும் ஏடில்லை. எஞ்சியுள்ள தட்டுகளையும், அவற்றுடன் விற்கப்பெற்ற பாட்டுப் புத்தகங்களையும், நிலையங்களின் விலைப் பட்டியல்களையும் ஒப்புநோக்கி அட்டவணைப்படுத்துதல் வேண்டும். அச்சிட்ட பாடத்திற்கும் பாடிய பாடத்திற்கும் உள்ள வேற்றுமைகளைச் சுவடிப் பாடவேறுபாடு குறிப்பது போலவே குறித்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், பெயர் மறைந்த பாட்டாசிரியர் சிலரேனும் தமிழிலக்கிய வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.