கேளிக்கைப் பூங்கா அணுகுதன்மை

கேளிக்கைப் பூங்கா அணுகுதன்மை என்பது உடல் இயக்கம் குறைந்தோர், பூங்காக்களிலும் திருவிழாத் திடல்களிலும் உள்ள சவாரிகளில் ஏறி மகிழ்வதற்கு வேண்டிய கட்டமைப்பு, உதவி முறைகள், விதிகள் ஆகியவற்றைக் குறிக்கும். சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் மட்டுமன்றி, பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தோர், மூட்டுத் தேய்ந்த முதியோர், செயற்கைக் கால் அணிந்தோர் ஆகியோருக்கும் இது தேவையாகிறது. நுழைவாயிலில் சாய்தளம் அமைத்துவிட்டால் மட்டும் ஒரு பூங்கா அணுகத்தக்கது ஆகிவிடாது. இருக்கை வரை செல்ல முடிகிறதா, சவாரி பாதி வழியில் நின்றுவிட்டால் பத்திரமாக இறங்க முடிகிறதா என்பனவே முதன்மையான கேள்விகள் ஆகும்.

ஏறும் முறைகள்

சக்கர நாற்காலியோடு சவாரியில் ஏறுதல், நாற்காலியிலிருந்து சவாரி இருக்கைக்குத் தாமாகவோ உறவினர் துணையுடனோ மாறுதல், தூக்கும் கருவியின் உதவியால் மாறுதல் என மூன்று முறைகள் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தின் கீழ் 2010இல் வெளியிடப்பட்டு, 2012 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த தர அளவுகளின்படி, புதிதாக அமைக்கப்படும் சவாரிகளில் இம்மூன்றில் ஒன்றுக்காவது வசதி இருத்தல் வேண்டும். மாறி அமர்வதற்கான இருக்கை, ஏறும் தளத்திலிருந்து 14 முதல் 24 அங்குல உயரத்துக்குள் (ஏறத்தாழ 35 முதல் 61 செ.மீ.) இருக்க வேண்டும் என்பதும் அவ்விதி. சக்கர நாற்காலி இருக்கையின் உயரத்துக்கு அருகில் இருந்தால்தான் உடலைப் பக்கவாட்டில் நகர்த்த முடியும். சிறுவர்க்கென்றே அமைந்த சவாரிகளுக்கு விதிவிலக்குகள் உண்டு. ஊர் ஊராக எடுத்துச் செல்லப்படும் சவாரிகள் இவ்விதிகளுக்கு முழுவதும் புறம்பானவை.

உறவினர் துணையுடன் மாறும்போது நாற்காலியைச் சவாரி இருக்கைக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, இரு தடைகளையும் பூட்டி, கால் தாங்கிகளை மடக்கி விட வேண்டும். பக்கவாதம் உள்ளவரின் வலுவான பக்கம் இருக்கையை நோக்கி இருப்பது நல்லது. ஏறும்போது வலுவான பக்கம் முன்னே சென்றால் இறங்கும்போது வலுவற்ற பக்கம் முன்னே வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இறங்குவதற்குக் கூடுதல் ஆள் தேவைப்படுவது இதனால்தான். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது நம் வீடுகளில் வழக்கமாயினும், செயலிழந்த தோள்மூட்டை அது எளிதில் நழுவச் செய்யும். இடுப்பில் கட்டிய அகலமான பட்டையைப் பிடித்துத் தூக்குவதே பாதுகாப்பானது.

பாதுகாப்பு

வேகமான சவாரிகளில் பயணியை இருக்கையில் நிறுத்தி வைப்பது மடியின் மேல் இறங்கும் தடைக் கம்பியோ, தோள்களின் மேல் இறங்கும் சட்டமோ ஆகும். மடிக் கம்பி தொடைகளின் மேல் அழுந்துவதால்தான் உடல் மேலெழாமல் தடுக்கப்படுகிறது. தொடை இல்லாதவருக்கு அது பயன்படாது. 2011 சூலை 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் டேரியன் லேக் பூங்காவில், ஈராக் போரில் இரு கால்களையும் இழந்த முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் உருளூர்தியிலிருந்து வெளியே வீசப்பட்டு இறந்தார். உறவினர்களுடன் பொழுதுபோக்க வந்திருந்த அவரை ஊழியர் எவரும் தடுக்கவில்லை. இரு கால்களும் உள்ளவர்களே ஏறலாம் என்னும் விதி அங்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே சில சவாரிகளில் அனுமதி மறுக்கப்படுவதைப் பாகுபாடு என்று மட்டும் கொள்ளலாகாது. அதேவேளை, காரணம் கூறாமல் சக்கர நாற்காலியைக் கண்டவுடனே எல்லாச் சவாரிகளையும் மறுப்பது பாதுகாப்பு ஆகாது. எந்தச் சவாரிக்கு எந்த உடல்திறன் தேவை என்பதைத் தனித்தனியே அறிவிப்பதே முறை.

தண்டுவடக் காயம் உற்றோருக்கு வேறு இடர்களும் உண்டு. காயத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லாமையால், வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையோ இரும்பு இருக்கையோ தோலைச் சுடுவது தெரியாது. நீர்ச்சறுக்கில் ஏற்படும் சிராய்ப்பும் அவ்வாறே. கழுத்துப் பகுதியில் காயம் உற்றோருக்கு உடல் போதிய அளவு வியர்க்காது. ஆகையால் சமவெளியின் கோடை நண்பகலைத் தவிர்த்தல் வேண்டும்.

வத்தலக்குண்டு வட்டாரம்

திண்டுக்கல் மாவட்டத்தில் கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள வத்தலக்குண்டு போன்ற ஊர்களில், கேளிக்கைச் சவாரி என்றால் பெரும்பாலும் திருவிழாத் திடலில் வந்திறங்கும் ராட்டினமே ஆகும். அண்டை மாவட்டமான தேனியின் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா, ராட்சத ராட்டினங்களுக்குப் பெயர் பெற்றது. குடை ராட்டினம், கப்பல் வடிவில் ஊசலாடும் 'கொலம்பஸ்' முதலியனவும் இத்தகைய திடல்களில் இடம்பெறுவதுண்டு. மணலும் மின்கம்பிகளும் நிறைந்த தரையில் சக்கர நாற்காலி செல்வது கடினம். பின்பக்கமாக இழுத்துச் சென்றால் சிறிய முன்சக்கரங்கள் மணலில் புதையா. ராட்டினத்தின் தொட்டில் தொங்கி ஆடுவதால், ஏறும்போது இருபுறமும் ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டியுள்ளது. கூட்டம் சேர்வதற்கு முன்பு, மாலை தொடங்கும் நேரத்தில் சென்று இயக்குபவரிடம் சொன்னால் முழுவதும் நிறுத்தி ஏற்றுவதற்கு நேரம் கிடைக்கும். கொலம்பசில் நடு வரிசையில் ஆட்டம் குறைவு.

கேளிக்கைக்காக அமைந்தவை அல்ல எனினும், இதே மாவட்டத்தின் பழனி மலையில் உள்ள மின்னிழுவை ஊர்தியும் ('வின்ச்'), 2004 முதல் இயங்கும் கம்பிவட ஊர்தியும் ('ரோப் கார்') இங்கு குறிப்பிடத்தக்கன. 693 படிகளை ஏற இயலாத முதியோர் பலருக்கு இவையே வழி. மலை மேலிருந்து ஊரைக் காணும் மகிழ்ச்சியும் அவர்களுக்கு இவற்றால் கிடைக்கிறது. பலத்த காற்று வீசும்போதும் பராமரிப்பு நாட்களிலும் கம்பிவட ஊர்தி நிறுத்தப்படும்.

சட்டம்

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 (நடைமுறை: 2017 ஏப்பிரல் 19) 29ஆம் பிரிவில் பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் பங்கேற்பதை உரிமையாக்குகிறது. தனியார் வழங்கும் பொதுச் சேவைகளையும் அணுகுதன்மை விதிகள் கட்டுப்படுத்தும். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதுரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகுதன்மை அளவுகள் வெறும் வழிகாட்டுதலாக இருத்தல் ஆகாது என்றும், கட்டாய விதிகளை அரசு வகுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

எடுத்துக்காட்டான இடங்கள்

டெக்சாசு மாநிலம் சான் அந்தோனியோவில் 2010இல் திறக்கப்பட்ட மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட், கோர்டன் ஆர்ட்மன் என்பவர் தம் மாற்றுத்திறனாளி மகளின் பொருட்டு உருவாக்கியது. அங்குள்ள குடை ராட்டினத்தில் குதிரைகளுக்கு இடையே சக்கர நாற்காலியை நிறுத்தலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 2017இல் சேர்க்கப்பட்ட நீர்ப்பூங்காவில், மின்கலத்துக்குப் பதிலாக அழுத்தக் காற்றால் இயங்கும் சக்கர நாற்காலிகள் பயன்படுத்தப்பட்டன. பிட்சுபர்க் பல்கலைக்கழகத்தின் துணையுடன் உருவாக்கப்பட்ட இவை நீரில் நனைந்தாலும் பழுதாகா.

தமிழகத்தில், சென்னை மெரினா கடற்கரையில் 2022 நவம்பர் 27 அன்று சுமார் 260 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அதுவரை மணலுக்கு அப்பால் நின்றே கடலைப் பார்த்த பலர் அன்று அலையின் அருகே சென்றனர். சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் சேதமடைந்த அப்பாதை பின்னர் சீரமைக்கப்பட்டது.