படத்துக்குக் கீழே எழுதின பேர்

அண்ணனோட போட்டோ ஸ்டுடியோ பத்துக்குப் பன்னிரண்டு அடி. பாஸ்போர்ட் படம் எடுக்கத் தொங்கவிட்டிருந்த நீலத் துணியைக் கழற்றிவிட்டுச் சுவர் முழுக்க ஆணி அடித்தோம். நண்பனின் பதினெட்டு ஓவியங்களை இரண்டு நாள் அங்கேதான் மாட்டினோம். ஃப்ளெக்ஸ் வரும்வரை சுவரில் விளம்பரம் எழுதிப் பிழைத்தவன் அவன். முதலில் ஊரில் ஒரு மண்டபம் கேட்டோம். "என்ன படம்?" என்றார்கள். சேரி சனங்களோட முகம் என்றோம். சாவி கிடைக்கவில்லை.

திறந்த அன்றைக்கே எங்களுக்குள் தகராறு. பறையடிக்கும் பெரியவர் ஒருவரின் படத்தைக் காட்டி, "அத எடுங்கண்ணா. அந்த அடையாளம் ஒழியணும்னுதான நாங்க படிச்சோம்" என்றார்கள் எங்கள் தெருப் பிள்ளைகள். அந்தக் கோபத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. நம்மைப் படம் போட்டவர்களின் சரித்திரம் அப்படி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் ஓவியர்கள் சாதி சாதியாகப் படம் எழுதி வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு விற்றார்கள். ஆணும் பெண்ணும் ஜோடியாக, கையில் தொழில் கருவியோடு நிற்பார்கள். திருச்சியில் இதையே மைக்கா தகட்டில் போட்டார்கள். 1885இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகள். அதில் போட்டோக்களும் உண்டு. கீழே இருப்பது பெரும்பாலும் சாதிப் பேர். நின்றவனுக்கு அவன் தாய் வைத்த பேர் என்ன? அதைக் கேட்டு எழுதவேண்டும் என்று தோன்றவில்லை.

ஆனால் அதே சாதிப் பேருக்கு இன்னொரு சரித்திரமும் இருக்கிறது. தர்ஸ்டன் புத்தகத்துக்குப் பதினாறு வருஷம் முந்தி, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தார். அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பேரை ஏற்கவே இல்லை. நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். ஒருவர் அந்தச் சொல்லை எடுத்து நெற்றியில் எழுதிக்கொண்டு எதிரே நின்றார். இன்னொருவர் அதைத் தூக்கி எறிந்தார். இரண்டு பேரும் தங்கள் பேரைத் தாங்களே எழுதினார்கள். ஸ்டுடியோவில் நாங்கள் போட்ட சண்டை நூறு வருஷத்துக்கு மேல் பழையது.

கடைசியில் படத்தில் இருக்கிறவரையே கேட்டுவிடுவது என்று முடிவானது. சாயங்காலம் வந்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாவு மோளம் அடிக்கிறத வுட்டு இருபது வருசம் ஆவுது. இனிமேலும் அடிக்க மாட்டேன். ஆனா இது என் கைதான், இதுல என்ன கேவலம்? அத்தினி வருசம் அடிச்சேன், ஒருத்தன் எம் பேரச் சொல்லிக் கூப்புடல. பேர எழுதிட்டு மாட்டு."

சுவர் விளம்பரம் எழுதின அதே பிரஷ்ஷால், பதினெட்டுப் படங்களுக்குக் கீழேயும் நண்பன் பேர் எழுதினான். பிள்ளைகளில் ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் ஒத்துக்கொள்ளாமலே போய்விட்டான். அவனோடு இன்னும் பேசவேண்டியிருக்கிறது.

பெரியவர் பேரை இங்கே நான் எழுதவில்லை. படத்துக்குக் கீழே எழுதத்தான் அவர் சொன்னார். பத்திரிகையில் போட அவரிடம் கேட்கவில்லை.