குருத்தும் எலும்பும்

கறிக்கடைச் சொற்களில் பெரும்பாலானவை மருத்துவக் கல்லூரி வாசலைத் தாண்டுவதில்லை. நல்லி எலும்பு பிரியாணிக்கு ஆகும். உடற்கூற்றியல் பாடத்துக்கு ஆகாது. குருத்தெலும்பு மட்டும் விலக்கு. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூரில் கறி வாங்குபவர் கேட்பதும், உயிரியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதும் அதே சொல்தான். அது வெறும் பெயராக நிற்கவில்லை, எலும்பு எப்படி உருவாகிறது என்ற ஒரு கருத்தையும் சேர்த்தே சொல்கிறது, அந்தக் கருத்து பெரும்பாலும் சரி என்பது என் கட்சி.

முதலில் எலும்பு. மலையாளத்தில் எல்லு, துளுவில் எலு, கன்னடத்தில் எலுபு, தெலுங்கில் எமுக. வெண்மையாக இருப்பதால் ஒளியைக் குறிக்கும் 'எல்' என்பதிலிருந்து இது பிறந்தது என்பாரும் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். உறவுமொழிகள் எல்லாவற்றிலும் எலும்பு என்ற பொருளே நிலைத்திருக்க, ஒளியைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை. திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் வருவது என்பு. எலும்பு என்பதன் நடு உகரம் தேய்ந்து, லகரமும் மகரமும் னகரமாக ஒன்றிய வடிவமாக அதைக் கொள்ளலாம். அப்படியானால் பேச்சில் வழங்கும் வடிவமே மூத்தது. ஏட்டு வடிவம் இளையது. இலங்கைப் பாடநூல்கள் இன்றும் என்பு என்றே எழுதுகின்றன.

இனி குருத்து. பனையிலும் தென்னையிலும் மரம் வளரும் இடம் அதுதான். குருத்து அழுகினால் மரமே போய்விடும். உடம்பிலும் அப்படித்தான். மனிதக் கருவில் ஆறாம் ஏழாம் வாரங்களில் கை கால்களுக்குள் முதலில் உருவாவது எலும்பு அல்ல, எலும்பின் வடிவத்தில் அமைந்த குருத்தெலும்பு. எட்டாம் வாரத்தை ஒட்டி அதன் நடுவே இரத்தக்குழாய்கள் புகுந்து, கொலாஜன் என்னும் புரத இழைகளின்மீது கால்சியம் பாஸ்பேட் உப்புகள் படியத் தொடங்குகின்றன. பிறந்த பின்னும் நீள் எலும்புகளின் முனையருகே ஒரு தட்டு குருத்தெலும்பாகவே இருக்கும். பிள்ளையின் உயரம் கூடுவது அங்கேதான். பதின்பருவம் முடியும் தறுவாயில் அது எலும்பாகி மூடிக்கொள்கிறது. அதற்கு முன் அந்தத் தட்டு நசுங்கினால் கால் குட்டையாகவே நின்றுவிடக்கூடும். குருத்து என்ற பெயர் வேறு எந்த உறுப்புக்கும் இவ்வளவு பொருந்தாது.

குருத்தெலும்பு சமஸ்கிருதத் தருணாஸ்தியின் மொழிபெயர்ப்புத்தானே என்று கேட்கலாம். ஆயுர்வேத நூலாசிரியர் சுசுருதர் எலும்புகளை ஐந்து வகையாகப் பிரித்து, மூக்கு, காது, கழுத்து, விழிக்குழி ஆகிய இடங்களில் இருப்பதைத் தருணம் என்றார். மலையாளம் இன்றும் தருணாஸ்தி என்கிறது. தொடர்பு இருந்திருக்கலாம். ஆனால் தருணம் இளமையை மட்டுமே சொல்கிறது, வளரும் நுனியைச் சொல்வது குருத்து. காதுக்குருத்து என்று பேச்சில் வழங்குவதைப் பார்த்தால், உடம்பில் குருத்தைக் காண நம்மவர்க்கு ஏட்டின் துணை தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு உடற்கூற்றியலிலிருந்து வருகிறது. குருத்து ஓலையாக விரிகிறது; குருத்தெலும்பு அப்படி எலும்பாக மாறுவதில்லை, அது அழிந்து அதன் இடத்தில் எலும்பு அமைகிறது என்பார்கள். இதற்கு விடை அருகிலேயே கிடக்கிறது. கிளியனூர் அடங்கிய வானூர் வட்டத்திலேயே திருவக்கரை இருக்கிறது. அங்கே புதைபடிவமாகக் கிடக்கும் மரங்களில் மரப்பொருள் போய் அதன் இடத்தில் சிலிக்கா அமர்ந்துவிட்டது. ஆனாலும் ஊரார் கல்மரம் என்கிறார்கள், அதில் பிழை காண்பவர் இல்லை. தவிர, குருத்தெலும்புச் செல்கள் முழுவதும் அழிவதில்லை, சில எலும்புச் செல்களாகவே மாறுகின்றன என்று எலிகளில் நடந்த அண்மை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறுப்பின் பாதி பலம் அங்கேயே போய்விடுகிறது.

மண்டையோட்டை வைத்து எழுப்பும் தடைக்கு அப்படி விடை சொல்ல முடியாது. உச்சி எலும்புகள் குருத்தெலும்பாக இருந்தவை அல்ல. மெல்லிய சவ்வுக்குள் நேரடியாக உருவாகின்றவை. குழந்தையின் உச்சிக்குழி அந்தச் சவ்வு இன்னும் எலும்பாகாத இடம். இதே வானூர் வட்டத்தில், பொம்மையார்பாளையத்து ஓடையில், இரும்புச்சத்தால் இறுகிய செம்பாறைக்குள் குழந்தை மண்டையோட்டுப் புதைபடிவம் ஒன்றைத் தொல்லியலாளர் பி. ராஜேந்திரன் 2001இல் கண்டதாக அறிவித்தார்; 2003இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அது வெளியானது. அதன் வயது பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். மண்டையோட்டின் மேற்கூடு எதுவானாலும் அதற்குக் குருத்துப் பருவம் கிடையாது. காறை எலும்பு இன்னும் விசித்திரம்: கருவில் எல்லாவற்றுக்கும் முன்னே சவ்வில் பிறந்து, பிறகு முனைகளில் குருத்தெலும்பை வளர்த்துக்கொண்டு, இருபது வயது கடந்த பிறகே முழுதாக இறுகுகிறது. ஆக, சொல் சொல்லும் கருத்து எல்லா எலும்புக்கும் செல்லாது. கைக்கும் காலுக்கும் முதுகெலும்புக்கும் செல்லும்.

இலங்கையில் குருத்தெலும்புக்குக் கசியிழையம் என்று பெயர். குருத்தெலும்பு என்பதைப்போல அது வளர்ச்சியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இழையம், அதாவது திசு, என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. கரு வளர்ச்சியைக் கற்பிக்க நம் சொல்லே மேல். ஆனால் சுறாவின் உடற்சட்டகம் முழுவதும் இருப்பது இந்தப் பொருள்தான், சாகும்வரை அது எலும்பாவதே இல்லை. குருத்தெலும்பு மீன் என்று தமிழ்நாட்டுப் பாடநூல் அதை அழைப்பது பிழை; அங்கே இலங்கைச் சொல்லைத்தான் கடன் வாங்க வேண்டும்.