தலைக்கட்டும் மனைப்பட்டாவும்: பழவேற்காட்டுக் குடிபெயர்ச்சியில் குடும்பம்

நெய்தல் நிலத்து ஊர்களைப் பாக்கம் என்றும் பட்டினம் என்றும் பண்டைச் சான்றோர் வழங்கினர். அந்நிலத்து மக்கள் இன்று தம் ஊரைக் குப்பம் என்பர்; தம் குடும்பத்தைத் தலைக்கட்டு என்பர். பழவேற்காட்டு ஏரிக்கரையில் தலைக்கட்டு என்பது வெறும் பெயரன்று. உரிமையை அளக்கும் கோலுமாகும். குடிகள் இடம்பெயர்ந்தபோது இவ்வளவுகோல் என்னாயிற்று என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைக்கட்டு என்னும் சொல் தலைப்பாகையையும் குறிக்கும்; வரி செலுத்தும் குடும்பத்தையும் குறிக்கும். மணமான ஆடவனை முதலாகக் கொண்டே ஊரார் தலைக்கட்டை எண்ணுவர். ஊர்வரியும் ஊர்க்கூட்டத்தில் இடமும் அவனைச் சார்ந்தவை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்றூர்த் தலைக்கட்டுகள் இறால் பிடிக்கும் நீரிடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. இம்முறைக்குப் பாடு என்று பெயர். எனவே, இங்குத் திருமணம் இல்லறத்தின் தொடக்கம் மட்டுமன்று. நீரில் பங்கு பெறுவதன் தொடக்கமுமாகும்.

ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு 1969இல் ஏவுகணைத் தளத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9இல் அங்கிருந்து முதல் ஏவுகணை எழுந்தது. தீவில் வாழ்ந்த யானாதியரும் மீனவரும் இடம்பெயர நேர்ந்தது. பெயர்ந்தவர் பிறகரையில் வீடு கட்டலாம். ஆனால் பாடு வீட்டைப் பின்பற்றி வருவதன்று. பிறப்பையும் உறவையும் பற்றி நிற்பது. ஓரூரில் தலைக்கட்டாயிருந்தவன் மற்றோரூரில் வெறும் குடியிருப்பாளனே. குடும்பத்தலைவன் என்னும் நிலையும் தளர்வது இயல்பு.

இஃது உலகிற்குப் புதிதன்று. 1975இல் சைகோன் வீழ்ந்தபின் அமெரிக்கா சென்ற வியட்நாமியரை அந்நாட்டரசு பல மாநிலங்களில் சிதறக் குடியமர்த்திற்று. பெருங்குடும்பங்கள் பிரிந்தன. அவருள் பலர் சில ஆண்டுகளிலேயே கலிபோர்னியா முதலிய இடங்களுக்குத் தாமே பெயர்ந்து உறவினரை அடுத்து வாழ்ந்தனர். மனைவியரும் கூலிவேலைக்குச் செல்லவே, கணவன் சொல்லே முடிவு என்னும் பழைய நிலை பல வீடுகளில் மாறிற்று. அரசு வீடு தரலாம். வாழ்வுக்குத் துணை உறவே என்பதை இருகரையும் உணர்த்துகின்றன.

உறவின் பட்டியலும் குறையற்றதன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபின், சோழமண்டலக் கரைக் குப்பங்கள் பலவற்றில் உதவிப்பொருள் தலைக்கட்டுக் கணக்கின்படியே பகிரப்பட்டது. கைம்பெண்கள் சிலர் அக்கணக்கில் விடுபட்டனர். தலைச்சுமையாக மீன் விற்றுக் குடும்பம் காத்தவளுக்குத் தலைக்கட்டில் இடமில்லை! இந்நிலையில், 2005இல் தமிழ்நாட்டரசு வகுத்த வீட்டுத்திட்டம் புதிய மனைகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியுமாறு பணித்தது. ஊர்க்கணக்கில் மறைந்திருந்த மனைவியின் பெயர் அரசுக்கணக்கில் எழுதப்பட்டது.

ஆயினும் மனைப்பட்டா நிலத்தைத் தருமேயன்றி நீரைத் தராது. வீடு இருவர்க்கும் உரியது; பாடு தலைக்கட்டுக்கே உரியது. பாடு என்னும் சொல்லுக்கு உழைப்பு, துன்பம் என்னும் பொருள்களும் உண்டு. அவற்றில் மகளிர்க்கு என்றும் பங்கு உண்டு. ஆதலின், நெய்தல் நிலக் குடும்பத்தை ஆராய்வோர் ஊர்க்கணக்கு, அரசுக்கணக்கு ஆகிய இரண்டையும் ஒருங்குவைத்துக் காணல் வேண்டும். ஒன்றையே நம்பின், குடும்பத்தின் பாதியே நம் கண்ணுக்குப் புலனாகும்.